விடைத்தாளைக் கையில் கொடுக்கும் விதம்

தேர்வு விடைத்தாள்களை மதிப்பெண் வரிசையில் அடுக்கி, அதிகம் எடுத்தவரில் தொடங்கிப் பெயரையும் மதிப்பெண்ணையும் உரக்கப் படித்துக் கொடுப்பது பல ஆண்டுகளாக என் வழக்கமாக இருந்தது. நான் படித்த காலத்தில் என் ஆசிரியர்களும் அப்படித்தான் கொடுத்தார்கள். கட்டின் அடிப்பகுதிக்கு வரும்போது வகுப்பில் ஒரு சிரிப்பு கிளம்பும். அந்தச் சிரிப்பு பிள்ளைகளுக்கு ரோஷத்தைக் கொடுக்கும், ரோஷம் வந்தால் படிப்பார்கள் என்று நான் மனமார நம்பினேன். ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் முதுகலை ஆசிரியையாகப் பணியாற்றும் நான், அந்த நம்பிக்கை எவ்வளவு பிழையானது என்பதை 2018-ஆம் ஆண்டில் ஒரு மாணவியிடமிருந்து தெரிந்துகொண்டேன். அவளை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்தவற்றின் போக்கை மாற்றவில்லை.

அந்த ஆண்டு பதினொன்றாம் வகுப்புக்குப் புதிய பாடத்திட்டம் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்திருந்தார்கள். கனமான புதிய புத்தகம், நாங்களே முதன்முறையாக நடத்தும் பாடங்கள், தலைக்கு மேலே பொதுத்தேர்வு. இவை போதாதென்று, பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் பலர் மேலே உதவும் என்ற எண்ணத்தில் ஆங்கில வழி அறிவியல் பிரிவில் சேர்ந்திருந்தார்கள். நேற்று வரை வகுப்பில் முதலாவதாக இருந்த பிள்ளை, ஜூன் மாதத்தில் ஒரே வாரத்துக்குள் கரும்பலகையில் இருப்பது என்னவென்றே புரியாமல் உட்கார்ந்திருக்கும் நிலை அது. அந்தப் பிள்ளைக்குத் தன் மூளைக்கே ஏதோ ஆகிவிட்டது என்றுதான் தோன்றும். பயிற்றுமொழி மாறியதால் வந்த தடுமாற்றம், ஆறு மாதத்தில் சரியாகிவிடும் என்று எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். நான் சொல்லவில்லை.

அவள் பத்தாம் வகுப்பில் 500-க்கு 452 எடுத்தவள். முதல் இடைத்தேர்வில் வேதியியலில் 70-க்கு 9. கட்டில் கடைசித் தாள் அவளுடையதுதான். "452 எடுத்த பொண்ணாம்மா நீ? எப்படி எடுத்த?" என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. அவள் அழவில்லை. தாளை இரண்டாக, நான்காக, எட்டாக மடித்து, ஜியோமெட்ரி பாக்ஸைத் திறந்து, கவராயத்துக்கு அடியில் வைத்து மூடினாள். அந்த மூடி 'டக்' என்று விழுந்த ஓசை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் அன்றைக்கு அதைப் பற்றி நான் ஒன்றும் நினைக்கவில்லை.

அதன் பிறகு நடந்தவை அனைத்தும் எங்கள் கண்ணெதிரேதான் நடந்தன. திங்கட்கிழமைகளில் வரமாட்டாள். வந்தால் பதினொரு மணிக்கு வயிற்றுவலி என்று மேசைமேல் தலை சாய்த்துக்கொள்வாள். மதியச் சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமலே வீட்டுக்குப் போகும் என்பதை அவள் தோழி பின்னர் சொன்னாள். எண்ணெய் வைத்துப் படிய வாரி இரட்டைச் சடையோடு வந்தவள், நாளாவட்டத்தில் அள்ளி முடிந்தபடி வரத் தொடங்கினாள். பாடம் நடத்திய ஆறு ஆசிரியர்களும் ஆளுக்கொரு அடையாளத்தைப் பார்த்திருந்தோம். ஒருவர் "சோம்பேறி" என்றார், ஒருவர் "போன் பார்க்கிறாள் போல" என்றார், நான் "அறிவியல் பிரிவு இவளுக்கு ஒத்துவராது" என்றேன். ஆறு பேரும் ஒரு மேசையில் உட்கார்ந்து, பார்த்ததை ஒன்றாகச் சேர்த்துப் பேசியிருந்தால் பத்து நிமிடத்தில் புரிந்திருக்கும். வளரிளம் பருவத்துப் பிள்ளைகளின் மனச்சோர்வு எப்போதும் அழுகையாகவே வெளிப்படுவதில்லை என்பதை அதற்குப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். வயிற்றுவலி, தலைவலி, தூக்கம் கெடுதல், எரிச்சல், திடீரென்று படிப்பில் சரிவு என்று அது வேறு வேடங்களில் வரும். ஆண் பிள்ளைகளிடம் அது பல நேரம் கோபமாகவே வருகிறது; கோபத்துக்குப் பள்ளியில் தண்டனைதான் கிடைக்கிறது, விசாரிப்பு கிடைப்பதில்லை.

அக்டோபரில் ரெக்கார்ட் நோட்டுகளில் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தபோது, அவளுடைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் சிறிய எழுத்தில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். "தூங்கணும். அப்புறம் எழுந்திருக்கவே வேண்டாம்." படித்ததும் எனக்குக் கை நடுங்கியது.

அந்த நிமிடத்தில் நான் செய்தது இரண்டாவது தவறு. நோட்டை எடுத்துக்கொண்டு நேராகத் தலைமையாசிரியர் அறைக்கு ஓடினேன். அங்கே வேறு இரண்டு பேர் இருந்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஆசிரியர் ஓய்வறை முழுவதும் செய்தி பரவிவிட்டது. மதியத்துக்குள் அலுவலக உதவியாளர் வரை தெரிந்துவிட்டது. ஒரு பிள்ளையின் வாழ்க்கையிலேயே மிகத் தனிப்பட்ட வரி, ஊர்ச் செய்தியாகிப்போனது. தலைமையாசிரியரிடம் சொல்ல வேண்டியது கட்டாயம்தான். ஆனால் அவரைத் தனியே அழைத்து, கதவைச் சாத்திவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அதற்கும் முன்னால் அவளிடம் போயிருக்க வேண்டும்.

அவளிடம் போனவர் எங்கள் உடற்கல்வி ஆசிரியை. விளையாட்டு வகுப்பு நேரத்தில் மைதானத்து வேப்பமரத்தடியில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வலைப்பந்துக்குக் காற்றடித்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தார். எதிரெதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக் கேட்டால் பிள்ளைகள் வாய் திறக்கமாட்டார்கள், கைக்கு ஏதாவது வேலை இருக்கும்போது பக்கவாட்டில் உட்கார்ந்து கேட்டால் சொல்வார்கள் என்பது அவருடைய இருபது ஆண்டு அனுபவம். சிறிது நேரம் கழித்து அவர் நேராகவே கேட்டிருக்கிறார்: "செத்துப் போயிடலாம்னு தோணுதாம்மா?" அவள் உடனே தலையசைத்தாளாம். அதுவரை அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. இப்படி நேரடியாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் எங்கள் எல்லோருக்கும் இருந்தது. அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை, ஏற்கெனவே இருப்பதை இறக்கி வைக்க ஓர் இடம் கிடைக்கிறது என்றே மனநல மருத்துவர்கள் சொல்கிறார்கள். "இப்பவே தோணுதா, ஏதாவது யோசிச்சு வச்சிருக்கியா?" என்பது அடுத்த கேள்வி. ஆம் என்று பதில் வந்தால் அந்தப் பிள்ளையை ஒரு நிமிடம்கூடத் தனியே விடக் கூடாது.

அன்று மாலையே அவள் அம்மாவை வரவழைத்தோம். நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வேலைச் சேலையோடு வந்து நின்றார். "டீச்சரம்மா, வெளிய சொல்லிடாதீங்க. பைத்தியம்னு ஊரே பேசும். நாளைக்கு எவன் கட்டுவான்?" என்பதுதான் அவருடைய முதல் பேச்சு. ஏற்கெனவே மந்திரித்துத் தாயத்து கட்டியிருந்தார்கள். படிக்காத தாயின் அறியாமை என்று அதை ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. எங்களுக்கு முன்பே தன் பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று கண்டுபிடித்துத் தனக்குத் தெரிந்த வழியில் ஏதோ செய்தவர் அவர் ஒருவர்தான். மறுநாள் உடற்கல்வி ஆசிரியை விடுப்பு எடுத்துக்கொண்டு இருவரையும் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனார். அங்கிருந்த மருத்துவர் தாயத்தைக் கழற்றச் சொல்லவில்லை. "அது பாட்டுக்கு இருக்கட்டும், இந்த மாத்திரையையும் சாப்பிடட்டும்" என்றாராம். அந்த ஒரு வாக்கியத்தில்தான் அந்தத் தாய் சிகிச்சைக்கு உடன்பட்டார் என்று நினைக்கிறேன்.

மனச்சோர்வு என்று உறுதியானது. இரத்தப் பரிசோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. ஹீமோகுளோபின் 8.2. பெண் பிள்ளைகளுக்கு 12 கிராமாவது இருக்க வேண்டும். வாரம் ஒன்று என்று பள்ளியில் நாங்கள் கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பல பிள்ளைகள் வாயில் போடுவதுபோல் பாவனை செய்துவிட்டுச் சன்னல் வழியே எறிந்துவிடுவது எங்களுக்குத் தெரியும், குமட்டுகிறது என்பார்கள். பதினொரு மணிக்குத் தலை சாய்க்கும் பிள்ளையைச் சோம்பேறி என்பதற்கு முன்னால் அவள் காலையில் சாப்பிட்டாளா, இரவு எத்தனை மணி நேரம் தூங்கினாள், மாதவிடாயில் அதிக இரத்தப்போக்கு இருக்கிறதா என்று விசாரிக்கும் பழக்கம் எனக்கு அதன் பிறகு வந்தது. வெறும் வயிற்றில் வேண்டாம், மதியச் சாப்பாடு முடிந்த பிறகு என் எதிரிலேயே போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லத் தொடங்கிய பிறகு சன்னலுக்கு வெளியே நீல மாத்திரைகள் கிடப்பது வெகுவாகக் குறைந்தது.

மூன்று வாரம் கழித்து அவள் பள்ளிக்குத் திரும்பினாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். எங்கே கேட்பது என்பதில்தான் தடுமாற்றம். தனியே கேட்பது எனக்கு எளிது. ஆனால் நான் அவமானப்படுத்தியது அறுபது பேர் முன்னால். அவளிடம் முதலில் தனியே பேசி, "வகுப்பில் சொல்லட்டுமா, உன் பெயரைச் சொல்லமாட்டேன்" என்று கேட்டேன். சொல்லுங்கள் என்றாள். அன்று வகுப்பில், இத்தனை ஆண்டுகளாக நான் விடைத்தாள் கொடுத்த முறை தவறு, அதனால் உங்களில் பலரைப் புண்படுத்தியிருக்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள், இனி அப்படிச் செய்யமாட்டேன் என்று சொன்னேன். என் குரல் தழுதழுத்தது. யாரும் அசையவில்லை. வகுப்பு முடிந்ததும், எந்நேரமும் என்னோடு வம்புக்கு நிற்கும் கடைசிப் பெஞ்சுப் பையன் ஒருவன், கேட்காமலேயே என் நோட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஓய்வறை வரை வந்தான். அவனும் கட்டின் அடியிலேயே இருந்தவன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்றிலிருந்து விடைத்தாளை வருகைப் பதிவேட்டு வரிசையில் கொடுக்கிறேன். மதிப்பெண்ணை முகப்பில் எழுதாமல் கடைசிப் பக்கத்தின் உட்புறத்தில் எழுதுகிறேன். அதற்குக் கீழே ஒரே ஒரு வரி: "சமன்பாடு சரி, சமன்செய்வதில் பிழை", "வரையறை மட்டும் படித்தால் அடுத்த முறை 6 மதிப்பெண் கூடும்" என்பதுபோல். அறுபது தாளுக்கும் இப்படி எழுத எனக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் ஆகிறது. தேர்ச்சி விகிதம் குறைந்துவிடும் என்று சக ஆசிரியர்கள் அஞ்சினார்கள், குறையவில்லை. 2017-இல் பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளில் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதையே தமிழ்நாடு அரசு நிறுத்திவிட்டது. அரசே நிறுத்திய ஒன்றை நான் என் வகுப்பறைக்குள் மேலும் ஓராண்டு கட்டிக்காத்து வந்திருக்கிறேன்.

கனிவு என்பது சில ஆசிரியர்களுக்கு மட்டும் வாய்த்த குணம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எங்கள் உடற்கல்வி ஆசிரியைக்கு அது இயல்பாக இருக்கிறது, எனக்கு இல்லை. ஆனால் தாமதமாக வரும் பிள்ளையை என்ன செய்கிறோம், வராத பிள்ளையை யார் விசாரிக்கிறோம், யாரை யாரோடு உட்கார வைக்கிறோம் என்பவை எல்லாம் பள்ளியின் நடைமுறைகள். முன்கோபம் உள்ளவர்கூட நல்ல நடைமுறையைக் கைக்கொள்ள முடியும். நான் முன்கோபக்காரி, அதனால்தான் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

தாமதமாக வருபவர்களைப் பிரேயர் முடியும் வரை வாசலில் முட்டி போட வைப்பது எங்கள் பள்ளியிலும் இருந்தது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆவது பிரிவில் உடல் தண்டனையோடு மனத்துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம் என்று தெரியவில்லை. அந்தச் சட்டம் 14 வயது வரைக்குமானது என்பதால் பதினாறு வயதுப் பிள்ளைக்கு வலிக்காது என்று ஆகிவிடுமா? இப்போது தாமதமாக வருபவர் நேராக வகுப்புக்குப் போய் உட்காரலாம். இடைவேளையில் வகுப்பாசிரியர் தனியே காரணம் கேட்பார். அப்படிக் கேட்டபோதுதான் ஒருவன் விடியற்காலை நான்கு மணிக்குப் பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு வருகிறான் என்பதும், இன்னொருத்தி இரவெல்லாம் குடித்துவிட்டு வந்த அப்பாவிடமிருந்து அம்மாவைக் காத்துக்கொண்டு விழித்திருக்கிறாள் என்பதும் தெரிந்தது. வளரிளம் பருவத்தினருக்கு நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை. அந்தப் பெண்ணுக்கு மூன்று மணி நேரம்தான் கிடைத்திருந்தது.

பிள்ளைகள் ஒருவருக்கொருவர் காட்டும் கனிவைப் பற்றிப் பேசும்போது சாதியை விட்டுவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வெட்டினார்கள். அதைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறுகள் உட்படச் சாதி அடையாளங்களைப் பள்ளியில் தடை செய்யவேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கயிற்றை அறுப்பது ஒரு தொடக்கம். என் அனுபவத்தில், ஆய்வக இணைகளை மாதந்தோறும் மாற்றுவது அதைவிட ஆழமாக வேலை செய்கிறது. ஒரே பியூரெட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் நின்றவர்கள் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைந்துபோகிறது. முதல் மாதம் இரண்டு பையன்கள் சேர்ந்து நிற்க மறுத்தார்கள். அவர்கள் பெற்றோர் ஒருவர் என்னிடம் வந்து சத்தம் போட்டார். பட்டியலை நான் மாற்றவில்லை.

இன்னும் இரண்டைச் சொல்லியாக வேண்டும். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க மிஸ்" என்று ஒரு பிள்ளை கேட்டால் சத்தியம் செய்யக் கூடாது. பாலியல் துன்புறுத்தல் என்று தெரிந்தால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி நாம் தெரிவித்தே ஆகவேண்டும். உயிருக்கு ஆபத்து என்றாலும் அப்படித்தான். "உனக்கு உதவக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன், யாரிடம் சொல்கிறேன் என்பதை முதலில் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்" என்பதே நான் கொடுக்கும் வாக்கு. இதையே பிள்ளைகளுக்கும் ஜூன் மாதத்திலேயே சொல்லிவிடுகிறேன்: தோழி சாக நினைப்பதை மறைப்பது நட்பாகாது, அந்த ஒரு ரகசியத்தை மட்டும் உடைத்துவிடுங்கள் என்று. அவளுடைய தோழிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு இரண்டு மாதம் வாயைத் திறக்காமல் அவள் தவித்த தவிப்பும் ஒரு நோயைப் போன்றதுதான்.

அப்போது எங்களுக்கு 104 என்ற மருத்துவ உதவி எண் ஒன்றுதான் தெரியும். 2022 அக்டோபர் முதல் 14416 என்ற மனநல உதவி எண் இருக்கிறது; எந்நேரமும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம். குழந்தைகளுக்கான 1098 இருக்கிறது. சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான ஸ்நேகாவின் எண் 044-24640050. இவற்றை அறிவிப்புப் பலகையில் மட்டும் ஒட்டினால், அதன் முன்னால் நின்று எழுதிக்கொள்ள எந்தப் பிள்ளைக்கும் துணிவு வராது. அதனால் ரெக்கார்ட் நோட்டின் பின்னட்டையில் எல்லோரையும் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். எல்லோரிடமும் இருக்கும்போது யாரும் தனித்துத் தெரிவதில்லை.

அவள் 2020 மார்ச் 24 அன்று, கொரோனா அச்சத்தில் பலர் வர முடியாமல் போன அந்த வேதியியல் தேர்வை எழுதி, 600-க்கு 351 பெற்றுத் தேர்ச்சியடைந்தாள். மாத்திரையை அதற்கு முன்பே மருத்துவர் படிப்படியாக நிறுத்தியிருந்தார். கல்லூரியில் தமிழ் வழியில் வரலாறு எடுத்தாள். நடுவில் ஒருமுறை மீண்டும் சோர்வு வந்து, இந்த முறை அவளே மருத்துவமனைக்குப் போயிருக்கிறாள். மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த அன்று, "அந்தப் பேப்பர் இன்னும் பாக்ஸ்லதான் இருக்கு மிஸ்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வெளியாவதற்கு முந்தைய வாரம் இப்போது எங்கள் பள்ளியில் ஒரு பட்டியல் தயாராகிறது. தேறுவார்களா என்று சந்தேகம் உள்ளவர்கள், குடும்பத்தில் நெருக்கடி உள்ளவர்கள், அதிக மதிப்பெண்ணை எதிர்பார்த்துத் தூக்கம் இழந்தவர்கள் என மூன்று வகையினரும் அதில் உண்டு; மூன்றாவது வகையினரை நாங்கள் முதலில் மறந்துவிட்டிருந்தோம். ஆசிரியருக்கு ஐந்து பேர். முடிவு வருமுன்பே ஒருமுறை அழைத்து, தவறினால் அடுத்த மாதமே துணைத்தேர்வு உண்டு, இந்த ஆண்டே கல்லூரியிலும் சேரலாம் என்று சொல்லிவிடுவோம். வந்த அன்று, மதியத்துக்குள் மீண்டும் அழைப்போம்.

சென்ற முறை என் ஐவரில் ஒருவன் போனை எடுக்கவில்லை. மூன்று முறை அழைத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பன்னிரண்டு கிலோமீட்டர் போனேன். ஆயா திண்ணையில் உட்கார்ந்து புளி ஆய்ந்துகொண்டிருந்தார். "காலையிலேருந்து கதவைத் தொறக்கல டீச்சர்" என்றார். கதவைத் தட்டி என் பெயரைச் சொன்னேன். வெகுநேரம் கழித்துத் தாழ் விலகியது. வேதியியலில்தான் தவறியிருந்தான், என் பாடம். ஆயாவின் பக்கத்தில் நானும் உட்கார்ந்து ஒரு கை புளியை எடுத்து ஆயத் தொடங்கினேன். அவனும் சற்றுத் தள்ளி உட்கார்ந்து ஆய்ந்தான். முறத்தில் கொட்டை பாதி நிறைந்த பிறகு பேச்சு வந்தது. உடற்கல்வி ஆசிரியை கேட்ட அந்தக் கேள்வியை நானும் நேராகக் கேட்டேன். "காலையில தோணுச்சு மிஸ். இப்ப இல்ல" என்றான். அவன் அப்பா வேலையிலிருந்து வரும் வரை அங்கேயே இருந்தேன். அவரிடம் அவன் எதிரிலேயே எல்லாவற்றையும் சொல்லி, இன்றிரவு தனியே விடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, துணைத்தேர்வுக்கு மறுநாளே பதிந்துவிடலாம், பள்ளிக்கு வா என்று எழுந்தபோது, அவன் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டான்:

"எத்தனை மணிக்கு வரணும் மிஸ்?"